ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடித்துவைத்தும் இரத்தச் சோடியம் ஏன் ஏறுவதில்லை?

அட்ரீனல் சுரப்பியில் உருவாகும் ஆல்டோஸ்டிரோன், சிறுநீரோடு போகவிருக்கும் சோடியத்தைத் தடுத்து உடலில் நிறுத்திவைக்கிறது என்று பாடநூல்கள் சொல்கின்றன. அப்படியானால் இந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயாளியின் இரத்தப் பரிசோதனையில் சோடியம் ஏறக்குறைய இயல்பாகவே இருப்பது ஏன், உடலின் நீரளவை இது எந்த வழியில் நிர்ணயிக்கிறது என்பதே கேள்வி. மருத்துவம் படிப்பவர்களில் பலரும் தடுமாறும் இடம் இது. இரத்தப் பரிசோதனை காட்டுவது சோடியத்தின் செறிவை, அதாவது ஒரு லிட்டர் நீர்மத்தில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்பதை. ஆல்டோஸ்டிரோன் ஆள்வதோ உடலில் இருக்கும் சோடியத்தின் மொத்த அளவை. செறிவைக் காக்கும் பொறுப்பு தாக உணர்வுக்கும் வாசோப்ரெசின் என்ற வேறொரு ஹார்மோனுக்கும் உரியது. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் பார்த்துவிட்டால், இந்த ஹார்மோனைச் சுற்றியுள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 42 லிட்டர் அளவுக்கு நீர் இருக்கிறது. அதில் 28 லிட்டர் செல்களுக்கு உள்ளே, மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. இரத்தத்தின் பிளாஸ்மா இந்த வெளிப்பகுதியின் ஓர் அங்கம். செல்களின் சவ்வில் உள்ள பம்புகள் சோடியத்தை இடைவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், உடலுக்குள் சேரும் சோடியம் பெரும்பாலும் இந்த 14 லிட்டரிலேயே தங்குகிறது. அதன் இயல்பான செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் வேதியியல் அலகு). இப்போது 8 கிராம் உப்பு, அதாவது சுமார் 140 மில்லிமோல் சோடியம், வெளியேறாமல் உடலில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செறிவு ஒரு விழுக்காடு ஏறினாலே மூளையின் ஹைப்போதலாமஸில் உள்ள உணர்செல்கள் அதைக் கண்டுகொள்கின்றன. தாகம் எடுக்கிறது, வாசோப்ரெசின் சுரக்கிறது, சிறுநீரகம் நீரை வெளியே விடாமல் சேமிக்கிறது. சில மணி நேரத்துக்குள் ஒரு லிட்டர் நீர் கூடுதலாகச் சேர்ந்து, செறிவு பழைய 140-க்கே திரும்பிவிடுகிறது. பரிசோதனைத் தாளில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அந்த மனிதரின் எடை ஒரு கிலோ கூடியிருக்கும், செல்களுக்கு வெளியே உள்ள நீர்மம் 14 லிட்டரிலிருந்து 15 லிட்டராகியிருக்கும். ஆல்டோஸ்டிரோன் நீரைக் கட்டுப்படுத்துவது இந்த மறைமுக வழியில்தான். அது சோடியத்தை நிறுத்துகிறது, சோடியத்தைத் தொடர்ந்து நீர் வந்து சேர்கிறது.

இதில் சிறுநீரகத்தின் கணக்கு வியக்கத்தக்கது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் சோடியம் 25,000 மில்லிமோலுக்கும் அதிகம், உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு அருகில். இதில் மூன்றில் இரண்டு பங்கை சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானில், தொடக்கக் குழல் பகுதியான அண்மைச் சுருள்குழலே மீட்டுவிடுகிறது. ஹென்லே வளைவு இன்னொரு கால் பங்கை மீட்கிறது. சேய்மைச் சுருள்குழல் மேலும் ஐந்து முதல் ஏழு விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆல்டோஸ்டிரோனின் முதன்மையான ஆட்சி எல்லை அதற்கும் பிறகு, சேகரிப்புக் குழலுக்கு வந்து சேரும் கடைசி இரண்டு மூன்று விழுக்காட்டில்தான் இருக்கிறது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும், இரண்டு விழுக்காடு என்பதே ஒரு நாளைக்கு 500 மில்லிமோல், கிட்டத்தட்ட 29 கிராம் உப்பு. அவ்வளவையும் இழக்க நேர்ந்தால் அதனோடு மூன்றரை லிட்டர் நீர்மமும் போகும். உயிருக்கு ஆபத்தான அந்த இழப்பைத் தடுக்கும் இடமும், உண்ட உப்புக்கு ஏற்ப அன்றாடம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் இடமும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது. இத்தனைக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணி ஒரு நாளில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவே.

சேகரிப்புக் குழலின் சுவரில் உள்ள முதன்மைச் செல் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். அதன் ஒரு முகம் சிறுநீர் ஓடும் குழலை நோக்கியிருக்கிறது, மறு முகம் இரத்த நாளத்தை நோக்கியிருக்கிறது. கொழுப்பில் கரையும் ஸ்டிராய்டு என்பதால் ஆல்டோஸ்டிரோன் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே நுழைந்து, மினரலோகார்டிகாய்டு ஏற்பி என்ற புரதத்தோடு இணைகிறது. இணைந்த ஏற்பி உட்கருவுக்குச் சென்று குறிப்பிட்ட சில ஜீன்களை இயக்குகிறது. அவற்றில் முந்திச் செயல்படுவது எஸ்ஜிகே-1 என்ற நொதிக்கான ஜீன். சிறுநீரை நோக்கிய முகத்தில் ஈநாக் எனப்படும் சோடியம் வாயில்கள் பதிந்திருக்கின்றன. நெட்-4-2 என்ற புரதம் அந்த வாயில்களுக்கு அழிவுக் குறியிட்டு, அவற்றைச் சவ்விலிருந்து தொடர்ந்து உள்ளிழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. எஸ்ஜிகே-1 அந்தப் புரதத்தை முடக்கிவிடுவதால் வாயில்கள் அகற்றப்படாமல் நிலைக்கின்றன, அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது, சிறுநீரிலிருந்து சோடியம் செல்லுக்குள் பாய்கிறது. மறு முகத்தில் உள்ள பம்பு, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை இரத்தத்தின் பக்கம் தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. நாட்கணக்கில் ஆல்டோஸ்டிரோன் நீடித்தால் இந்த வாயில்களும் பம்புகளும் புதிதாகவும் உற்பத்தியாகின்றன. ஜீன்களை இயக்கிப் புரதம் உண்டாக்க வேண்டியிருப்பதால் இதன் விளைவு தெரிய ஒரு மணி நேரம் போல ஆகும். நொடிகளில் வேலையை முடிக்கும் அட்ரினலினிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

சோடியம் நேர்மின்னேற்றம் உடையது என்பதால், அது செல்லுக்குள் போகப் போகக் குழலின் உட்பகுதி எதிர்மின்தன்மை அடைகிறது. அந்த ஈர்ப்பில், பம்பு உள்ளே சேர்த்துவைத்த பொட்டாசியம் தனக்குரிய வாயில்கள் வழியாகச் சிறுநீருக்குள் வெளியேறுகிறது. பக்கத்தில் உள்ள இடைச்செருகல் செல்கள் ஹைட்ரஜன் அயனிகளையும் கூடவே வெளியேற்றுகின்றன. ஆகவே ஆல்டோஸ்டிரோன் மிகுந்தால் பொட்டாசியம் குறைந்து இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அது இல்லாமல் போனால் பொட்டாசியம் ஏறி இரத்தம் அமிலத்தன்மை பக்கம் சாய்கிறது. தாகத்தாலும் வாசோப்ரெசினாலும் சோடியத்தின் செறிவு மறைக்கப்பட்டுவிடுகிறது. பொட்டாசியத்துக்கு அப்படிப்பட்ட திரை இல்லை. அதனால் ஆல்டோஸ்டிரோனின் தடயத்தைத் தேடும் மருத்துவர் முதலில் பார்ப்பது பொட்டாசியத்தைத்தான். என் பார்வையில், இந்த ஹார்மோனை "உப்பு ஹார்மோன்" என்று மட்டும் அறிமுகப்படுத்துவது பாதிக் கதையைச் சொல்வதாகும்; பொட்டாசியத்தைக் காப்பதும் அதன் சம உரிமையுள்ள வேலை.

சுரப்புக்குக் கட்டளை வரும் வழிகளும் இதை உறுதிப்படுத்துகின்றன. முதல் வழி சிறுநீரகத்திலிருந்தே புறப்படுகிறது. சிறுநீரகத்துக்குள் வரும் நுண்தமனியின் அழுத்தம் குறைந்தாலோ, குழலில் வந்து சேரும் உப்பு குறைந்தாலோ, பரிவு நரம்புகள் தூண்டினாலோ, அங்குள்ள செல்கள் ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. 1898-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் பொருளாகக் கண்டது இதைத்தான். கல்லீரல் உண்டாக்கும் ஆஞ்சியோடென்சினோஜனை ரெனின் வெட்டி ஆஞ்சியோடென்சின்-1 ஆக்குகிறது. முக்கியமாக நுரையீரல் நாளங்களில் உள்ள மற்றொரு நொதி அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றுகிறது. அது அட்ரீனல் புறணியின் மிக வெளி அடுக்கைச் சென்றடைந்து ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. இரண்டாவது வழி இடையில் எவருமில்லாத நேர்வழி. அந்த வெளி அடுக்குச் செல்களின் சவ்வு பொட்டாசியத்துக்கு மிகவும் இடம்கொடுப்பது என்பதால், இரத்தப் பொட்டாசியம் சிறிதளவு ஏறினாலே சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, ஆல்டோஸ்டிரோன் உற்பத்தி தொடங்கிவிடுகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஏசிடிஎச் ஹார்மோனும் தூண்டும், ஆனால் அதன் பங்கு சிறியது. பிட்யூட்டரி பழுதானவர்களுக்கு, அட்ரீனல் புறணியின் மற்றொரு ஹார்மோனான கார்டிசால் குறைந்தாலும் ஆல்டோஸ்டிரோன் பெரும்பாலும் தப்பிவிடுவது இதனால்தான். எதிர்த் திசையில், இதயத்தின் மேலறைகள் விரியும்போது சுரக்கும் ஏஎன்பி என்ற ஹார்மோன், ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அடக்கிச் சோடியத்தை வெளியேற்றுகிறது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் எழுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த இழப்பு ஆகியவற்றால் நீர்மம் குறைந்தவருக்கு ஆல்டோஸ்டிரோன் ஏறும்போது சோடியம் மீள வேண்டும், அதற்காகப் பொட்டாசியம் வீணாகிவிடக் கூடாது. பொட்டாசியம் மிகுந்தவருக்கு அதே ஹார்மோன் ஏறும்போது பொட்டாசியம் வெளியேற வேண்டும், உப்பு தேங்கிவிடக் கூடாது. ஒரே ஹார்மோன் இரண்டு தேவைகளையும் எப்படிப் பிரித்தறிகிறது? விடையின் பெரும்பகுதி, சேகரிப்புக் குழலுக்கு வந்து சேரும் சோடியத்தின் அளவில் இருக்கிறது. நீர்மம் குறைந்திருக்கும்போது ஆஞ்சியோடென்சின்-2 மேற்பகுதிக் குழல்களிலேயே சோடியத்தை மீட்டுவிடுவதால், கடைசிப் பகுதிக்கு வருவது சொற்பம். பொட்டாசியத்தோடு பரிமாறிக்கொள்ளப் போதிய சோடியமோ நீரோட்டமோ அங்கே இருப்பதில்லை. பொட்டாசியம் மிகுந்திருக்கும்போதோ, சேய்மைச் சுருள்குழலின் சோடியம் மீட்பு தளர்த்தப்பட்டு, சோடியம் தாராளமாகக் கடைசிப் பகுதிக்கு வந்து சேர்கிறது. அங்கே அது பொட்டாசியத்தோடு பரிமாறப்படுகிறது. ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்து அதன் விளைவைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் ஏற்பியிலேயே இருக்கிறது. மினரலோகார்டிகாய்டு ஏற்பி கார்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனுக்கு நிகராகவே பற்றிக்கொள்ளும். கார்டிசாலோ இரத்தத்தில் பல நூறு மடங்கு மிகுதியாக ஓடுகிறது. அப்படியிருந்தும் சேகரிப்புக் குழல் ஆல்டோஸ்டிரோனின் குரலையே கேட்பதற்குக் காரணம், அந்தச் செல்களுக்குள் காவலாக இருந்து, நுழையும் கார்டிசாலை வீரியமற்ற கார்டிசோனாக மாற்றிவிடும் நொதி ஒன்று. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசிக் அமிலம் இந்த நொதியைத் தடுக்கிறது. அதிமதுரத்தை அளவு மிகுத்து நீண்ட நாள் எடுத்துக்கொள்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் இறங்குவதும், அப்போது ஆல்டோஸ்டிரோனை அளந்தால் அது தாழ்ந்தே காணப்படுவதும் இதன் விளைவுகள். மூலிகை என்பதால் தீங்கில்லை என்று எண்ணி இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுபவர்கள், குறிப்பாக ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆல்டோஸ்டிரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1953-இல். லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், சுவிட்சர்லாந்தின் பாசலில் வேதியியலாளர் ரைக்ஸ்டைனின் குழுவினரும் சேர்ந்து, பெருமளவு மாட்டு அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் படிகத்தை எடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் வைத்த பெயர் எலக்ட்ரோகார்டின். இரண்டே ஆண்டுகளில், 1955-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான், தசைத் தளர்ச்சியும் உயர் இரத்த அழுத்தமும் மிகக் குறைந்த பொட்டாசியமும் கொண்ட 34 வயதுப் பெண்மணியின் நோயை விவரித்தார். அவருடைய அட்ரீனல் சுரப்பி ஒன்றில் கட்டி இருந்தது. அதை அகற்றியதும் அவர் தேறினார். கட்டி தானாகவே ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருந்தது. இத்தகைய கட்டிகள் பலவற்றில் ஒரு பொட்டாசியம் வாயிலின் ஜீனில் பிறழ்வு இருப்பது 2011-இல் தெரியவந்தது. அந்தப் பழுதான வாயில் வழியாகச் சோடியம் கசிந்து, பொட்டாசியம் ஏறியது போன்ற மின்மாற்றத்தைச் செல்லுக்குப் பொய்யாக உண்டாக்கிவிடுகிறது.

தொடக்கக் கேள்வியில் குறிப்பிட்ட நோயாளி இவ்வகையைச் சேர்ந்தவர்தான். முதல் சில நாட்களில் சோடியமும் நீரும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு கிலோ எடை கூடும். அதன்பின் ஆல்டோஸ்டிரோன் குறையாதபோதும், உண்ணும் உப்பு முழுவதும் சிறுநீரில் வெளியேறத் தொடங்கிவிடும். உயர்ந்துவிட்ட இரத்த அழுத்தமே சிறுநீரகத்திலிருந்து சோடியத்தைத் தள்ளுகிறது, ஏஎன்பி ஏறுகிறது, மேற்பகுதிக் குழல்கள் தங்கள் மீட்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஆல்டோஸ்டிரோன் பிடியிலிருந்து விடுபடல் என்று இதைக் குறிப்பிடுகிறோம். இந்நோயாளிகளுக்குக் கால் வீக்கம் பொதுவாக வராததற்கும் காரணம் இதுவே. நீர்ம அளவு சற்றே கூடிய புதிய நிலையில் உடல் நின்றுவிடுகிறது. வாசோப்ரெசின் சற்று அடங்கியிருப்பதால் சோடியம் செறிவு இயல்பு வரம்பின் மேல் ஓரத்தை ஒட்டி, பெரும்பாலும் 140-க்கும் 145-க்கும் இடையில் அமைகிறது. பொட்டாசிய இழப்புக்கு மட்டும் இப்படியொரு விடுதலை கிடைப்பதில்லை. கடைசிப் பகுதிக்கு இப்போது சோடியம் மிகுதியாக வந்து சேர்வதால் இழப்பு தொடர்கிறது.

எதிர்நிலையைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். அட்ரீனல் புறணி அழிந்துபோவதை லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தார். இந்நோயில் சிறுநீரில் சோடியம் ஒழுகுகிறது, நீர்மம் வற்றுகிறது, எழுந்து நின்றாலே இரத்த அழுத்தம் சரிந்து தலை சுற்றுகிறது, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது. இங்கே சோடியத்தின் செறிவும் குறைவதைப் பார்த்து, உப்பு போனதால் செறிவு குறைந்தது என்று எண்ணத் தோன்றும். நடப்பது அதைவிடச் சற்றுச் சுற்றுவழியானது. நீர்மம் பெரிதும் குறையும்போது உடல் செறிவைக் காப்பதைக் கைவிட்டு அளவைக் காக்க முற்படுகிறது. வாசோப்ரெசின் செறிவைப் பொருட்படுத்தாமல் சுரக்கிறது, கார்டிசால் இன்மையும் அதைத் தூண்டுகிறது, குடித்த நீர் வெளியேறாமல் தங்கி, இருக்கும் சோடியத்தை நீர்த்துவிடுகிறது.

உப்பு இழப்பை உடல் எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் மனத்தை உலுக்கும் ஒரு பதிவு உண்டு. 1940-இல் வில்கின்ஸ், ரிக்டர் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அட்ரீனல் புறணி குறைபாடு கொண்ட மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அவன் உப்பை வெறுமனே அள்ளித் தின்றான். அவன் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் ஒன்று உப்பு. மருத்துவமனையில் சேர்த்து வழக்கமான உணவு கொடுக்கப்பட்டது, கேட்ட உப்பு கிடைக்கவில்லை. சில நாட்களில் அவன் இறந்துபோனான். அதுவரை அவனை உயிரோடு வைத்திருந்தது அந்த உப்பு வேட்கைதான் என்பது பிறகே புரிந்தது. இன்று இத்தகையோருக்கு ஃப்ளுட்ரோகார்டிசோன் மாத்திரை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 0.05 முதல் 0.2 மில்லிகிராம் வரை பெரும்பாலும் போதுமானது. அளவு சரியா என்பதை நின்றநிலை இரத்த அழுத்தம், பொட்டாசியம், ரெனின் ஆகிய மூன்றையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள்.

ஆல்டோஸ்டிரோன் மிகுந்திருப்பதே நோய் என்று கொள்வதும் சரியாகாது. அமேசான் காடுகளில் வாழும், உப்பே சேர்க்காமல் உண்ணும் யனோமாமி மக்களின் ஆல்டோஸ்டிரோன் மிக உயர்ந்த அளவில் இருக்கிறது; அவர்களுடைய இரத்த அழுத்தமோ தாழ்ந்தது, வயதோடு ஏறுவதுமில்லை. அங்கே ஹார்மோன் தேவைக்கு ஏற்பச் சுரக்கிறது. தீங்கு விளைவது, உப்பு போதிய அளவுக்கு மேல் இருக்கும்போதும் அது சுரந்துகொண்டே இருந்தால். இதயம் தளர்ந்தவர்களிடம் நேர்வது இதன் மற்றொரு வடிவம். உடலில் நீர்மம் மிகுந்திருந்தும், தமனிகளில் ஓட்டம் குறைவாக இருப்பதால் சிறுநீரகம் அதைப் பற்றாக்குறை என்றே எடுத்துக்கொண்டு ரெனினைச் சுரக்கிறது. மேலே சொன்ன விடுபடல் அவர்களுக்கு வாய்ப்பதில்லை, வீக்கம் பெருகுகிறது. ஏற்பியை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோனைக் கடுமையான இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்குச் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 30 விழுக்காடு குறைந்ததை 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு காட்டியது. இம்மருந்து பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால், தொடங்கிய முதல் வாரங்களில் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு, பல மருந்துகளுக்கும் அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, தன்னிச்சையான ஆல்டோஸ்டிரோன் சுரப்பே காரணமாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்குப் பொட்டாசியம்கூட இயல்பு வரம்புக்குள்ளேயே இருப்பதால், சோடியம், பொட்டாசியம் அறிக்கையை மட்டும் பார்த்து இதை விலக்கிவிட முடியாது. ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் ஒரே நேரத்தில் அளந்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். ரெனின் அடங்கிக் கிடக்கும்போதும் ஆல்டோஸ்டிரோன் உயர்ந்திருந்தால் அது கட்டளைக்குக் கட்டுப்படாமல் சுரக்கிறது என்று பொருள். உயர் இரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும் இப்பரிசோதனையைச் செய்யலாம் என்று ஹார்மோன் மருத்துவ வல்லுநர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2025 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. படுத்திருப்பது, நிற்பது, உப்பைக் குறைப்பது, பொட்டாசியம் தாழ்ந்திருப்பது, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகிய எல்லாமே அளவுகளை மாற்றும். அதனால் இரத்தம் எடுப்பது காலையில், எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடி, பிறகு சில நிமிடங்கள் உட்கார்ந்த நிலையில். குறைந்திருக்கும் பொட்டாசியத்தை அதற்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். எந்த மருந்தை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும், தானாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.